சிலோன் தோட்டத்துக்குப் போன தாத்தாவின் சொந்த ஊரைத் தேடுவது எப்படி?

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், கொளப்பள்ளி, சேரம்பாடி என்று நீலகிரி முழுக்க, சிலோனிலிருந்து, அதாவது இன்றைய இலங்கையிலிருந்து, தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் இருக்கின்றன. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் பூர்வீகம் எது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான். ஒன்று, "சிலோன்". இன்னொன்று, "திருச்சிப் பக்கம்னு சொல்லுவாங்க". அந்தப் 'பக்க'த்தைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாதிச் சான்றுக்காகத் தேடுகிறவர்கள் உண்டு, குலதெய்வத்துக்காகத் தேடுகிறவர்கள் உண்டு, சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களும் உண்டு. வழி எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸ், பிஜி, நேட்டால் போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றி ஆள்வாரியாகப் பதிவு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரை அதில் வரும். அதைப் பற்றி எங்காவது படித்துவிட்டு, நம் தாத்தா பெயரும் ஏதாவது கப்பல் பட்டியலில் இருக்கும் என்று தேடக் கிளம்புகிறவர்கள் நிறைய. சிலோனுக்கு ஆள் போனது அந்த முறையில் இல்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்வையும் பார்த்த கங்காணி ஊருக்கு வந்தார், முன்பணம் கொடுத்தார், கூட்டிக்கொண்டு போனார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்து அனுப்பும் தகரச் சீட்டு முறை வந்தபோதும் தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும்தான் அந்தத் தகரத்தில் இருந்தன. ஊர்ப்பெயர் கிடையாது.

அதனால் தாத்தா என்ற ஒற்றை ஆளைத் தேடினால் சீக்கிரமே சுவரில் முட்டிக்கொள்வீர்கள். அவரைக் கூட்டிப்போன கங்காணியையும், அவரோடு போன கூட்டத்தையும் தேடுங்கள். கங்காணிகள் தங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் சொந்தபந்தத்திலும்தான் பெரும்பாலும் ஆள் சேர்த்தார்கள். ஒரே கங்காணியின் கீழ் ஒரே பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்) நின்ற குடும்பங்கள் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் தாத்தாவின் பேப்பரில் ஊர் இல்லையென்றாலும் பக்கத்து லயத்துக்காரரின் (லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு) பேப்பரில் இருக்கலாம்.

முதல் வேலை: பெரியவர்களோடு உட்காருவது

பேப்பர் பிறகு வரட்டும். எண்பது வயது தாண்டிய ஒருவர் வீட்டிலோ காலனியிலோ இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், கேட்டுவிட்டுத்தான்.

"நம்ம சொந்த ஊர் எது?" என்று நேராகக் கேட்டால் தெரியாது என்பார்கள், இல்லையென்றால் திருச்சி என்பார்கள். திருச்சி என்ற பதிலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். சிலோன் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த லேபர் கமிஷனின் தலைமை அலுவலகம் திருச்சியில் இருந்தது. சேலத்துக்காரரும் திருச்சி வழியாகப் போயிருக்கலாம். பழைய திருச்சி ஜில்லாவே இன்றைய திருச்சியைவிட மிகப் பெரியது.

கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேளுங்கள். அப்பாயி, உங்க மாமனாரைக் கூட்டிக்கிட்டுப் போன கங்காணி யாரு? அவரு என்ன ஆளுங்க? லயத்துல அடுத்த காம்பராவுல யாரு இருந்தாங்க? அவங்க உங்களுக்கு என்ன முறை? ஊருலேருந்து கடுதாசி வருமா, யாரு எழுதுவா? ஊருல எந்தச் சந்தைக்குப் போவாங்களாம்? ஆறு உண்டா, மலை தெரியுமா? சாமி கும்பிட யாராவது ஊருக்குப் போய் வந்தாங்களா? கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் கிடைக்கும். 1964க்கு முன்னால் தனுஷ்கோடி வழியாகப் போக்குவரத்து சகஜமாக இருந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஊருக்குப் போய்வந்த குடும்பங்கள் உண்டு.

எந்தக் காலத்தில் போனார்கள் என்பதையும் இந்தப் பேச்சிலிருந்தே ஓரளவு கணிக்கலாம். "தாது வருஷப் பஞ்சத்துல போனாங்க" என்றால் 1876–78. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த கதை வீட்டில் இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டுப் பயணம், பெரும்பாலும் காப்பித் தோட்டக் காலம். தட்டப்பாறை முகாம் பற்றிய பேச்சு வந்தால் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் போயிருக்கிறார்கள். மண்டபம் முகாம், தனுஷ்கோடிக் கப்பல் என்றால் 1914க்குப் பிறகு. பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் அந்த ஆண்டுதான் தொடங்கின. பின்பக்க எல்லையும் ஒன்று இருக்கிறது. 1939 ஆகஸ்ட் 1 முதல் சிலோனுக்குக் கூலி ஆள் போவதை இந்திய அரசு தடை செய்தது. தோட்ட வேலைக்கென்று முதலில் போனவர் அதற்கு முந்தியவர் என்றே வைத்துக்கொள்ளலாம். தாத்தாவின் பிறந்த வருடம் 1940க்குப் பின் என்றால், அநேகமாக அவர் சிலோனில் பிறந்தவர். நீங்கள் தேட வேண்டிய ஆள் அவருடைய அப்பாவோ தாத்தாவோதான்.

பெண்கள் வழியை விட்டுவிடாதீர்கள். ஆண்வழியை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்களே அதிகம். ஆனால் மாமன் மச்சான் முறையில்தான் தோட்டங்களில் கல்யாணம் நடந்தது. பாட்டியின் பிறந்த வீட்டு ஊர் தெரிந்தால், தாத்தாவின் ஊர் அதிலிருந்து நடை தூரத்தில் இருப்பதும் உண்டு.

அடுத்து: இரும்புப் பெட்டி

வீட்டில் சிலோனிலிருந்து வந்த இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். திறந்து, ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு அப்புறம் படியுங்கள். நம் மலை ஈரத்துக்குப் பழைய தாளில் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் அடிக்கிற ஒரு நாளாகப் பாருங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூடு பழைய தாளைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது.

பெட்டியில் முதலில் தேட வேண்டியது இந்திய பாஸ்போர்ட். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்படி வந்தவர்களுக்குக் கண்டியிலும் கொழும்பிலும் இருந்த தூதரக அலுவலகங்கள் பாஸ்போர்ட் கொடுத்தன. வெளிநாட்டில் இருக்கும் இந்திய வம்சாவளியினரைக் குடிமக்களாகப் பதிவதற்கு அரசியல் சாசனத்தின் 8ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. அவரோ, அவருடைய பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். ஆகவே அந்த விண்ணப்பத்தோடு யார் எங்கே பிறந்தார் என்று ஏதாவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். விண்ணப்ப நகலோ, பதிவுச் சான்றோ, கூடவே வந்த கடிதமோ எது இருந்தாலும் வரி வரியாகப் படியுங்கள்.

இரண்டாவது, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை. ரேஷன் கார்டையும் நாம் குடும்ப அட்டை என்றே சொல்வதால் இங்கே குழப்பம் வரும். நான் சொல்வது கப்பலில் வந்து இறங்கியவுடன் மறுவாழ்வு உதவிக்காகக் கொடுத்த அட்டை. குடும்பத்தில் யார் யார், என்ன வயது என்பதோடு எந்தத் திட்டத்தில் எங்கே அனுப்பினார்கள் என்பதற்கும் அதுதான் ஆதாரம். அட்டை எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டும்.

மூன்றாவது, பலர் தூக்கிப் போட்டுவிடுகிற ஒன்று: 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கைக் குடியுரிமை கேட்டுப் போட்ட மனு. கல்யாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் இலங்கையில் தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. அதனால் எந்தத் தோட்டத்தில் எந்த வருடம் இருந்தோம் என்ற விவரத்தை அதில் கொடுத்திருப்பார்கள். மனு தள்ளுபடியான கடிதமாக இருந்தாலும் அது பொன்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் கொஞ்சம் ஏமாற்றும். பெற்றோர் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும், இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்று இருக்கும், இந்திய ஊர் இருக்காது. ஆனால் 1948க்குப் பிந்தைய சான்றிதழ்களில் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கட்டம் உண்டு. அது நிரப்பப்பட்டிருந்தால் ஒரு தலைமுறை பின்னால் போய்விட்டீர்கள். காலியாக இருந்தால் அந்தப் பாட்டனார்தான் கடல் தாண்டியவராக இருக்கலாம். உறுதி என்று சொல்ல முடியாது, எழுதியவரின் சோம்பலாகவும் இருக்கலாம்.

அரசாங்கப் பேப்பரைவிட எனக்கு நம்பிக்கை அதிகம் வீட்டுப் பேப்பரில்தான். ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உறையில் தபால் முத்திரை இருக்கும். அந்தத் தபால் நிலையத்தைச் சுற்றி ஏழெட்டுக் கிராமங்கள்தான், அதற்குள் தேடினால் போதும். மணியார்டர் துண்டு, கருமாதிக் கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாமே இதில் சேரும். எல்லாவற்றையும்விட மொய் நோட்டு. மொய் எழுதுகிறவர் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பதால் ஊரைச் சேர்த்துத்தான் எழுதுவார். சிலோனில் நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டில் தோட்டப் பெயர்கள்தான் இருக்கும், ஆனால் யார் பங்காளி யார் மாமன் என்ற வரிசை அதிலேயே தெரிந்துவிடும். நீலகிரிக்கு வந்த புதிதில் நடந்த விசேஷத்தின் மொய் நோட்டாக இருந்து, சமவெளியிலிருந்து நாலு பேர் வந்து எழுதியிருந்தால் தேடல் பாதி முடிந்த மாதிரிதான்.

கங்காணியைப் பிடிப்பது

இப்போது உங்களிடம் ஒரு தோட்டப் பெயர் இருக்கும். அது தமிழ்ப் பெயரா, இங்கிலீஷ் பெயரா, டிவிஷன் பெயரா என்று பாருங்கள். இலங்கைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் ஒரே தோட்டத்துக்குத் துரைமார் எழுதிய பெயர் ஒன்று, சனங்கள் சொல்லும் பெயர் வேறு. இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் பேப்பரும் பேச்சும் பொருந்தும்.

அப்புறம் அதே தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நீலகிரியில் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவே அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் பின்னால் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆயின. அதன் டிவிஷன்களில் ஒரே தோட்டத்துக்காரர்கள் சேர்ந்தாற்போல் குடியேறிய இடங்கள் உண்டு. கோத்தகிரியில் கிடைக்காத தகவல் சேரங்கோட்டிலோ நெல்லியாளத்திலோ இருக்கும். வால்பாறையையும் மறக்காதீர்கள்.

அவர்களிடம் போய் உங்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்காதீர்கள், கங்காணியைப் பற்றிக் கேளுங்கள். சாதாரணத் தொழிலாளியை மறந்தவர்கள்கூடப் பெரிய கங்காணியை மறக்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கி, கடன் கணக்கு வைத்து, கல்யாணம் முதல் பஞ்சாயத்து வரை நடத்தியவர் அவர். திட்டுவார்கள், புகழ்வார்கள், ஆனால் ஊரைச் சொல்லிவிடுவார்கள். அவருடைய வாரிசுகள் ஊரில் நிலம் வாங்கிப் போட்டுத் திரும்பியிருக்கவும் கூடும். சாதாரணத் தொழிலாளிக்கு இல்லாத பத்திரம் கங்காணிக்கு இருக்கும். கண்டுபிடிக்க எளிய ஆளும் அவர்தான்.

ஐந்தாறு குடும்பங்களைக் கேட்டு ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: குடும்பம், கங்காணி, அவர்கள் சொல்லும் ஊர். ஒரே தாலுகா திரும்பத் திரும்ப வந்தால் வட்டாரம் பிடிபட்டது.

ஆபீஸ்களில் நகல் கேட்பது

பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ தொலைந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊட்டியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று, சென்னை சேப்பாக்கத்தில் இருக்கும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கு ஒன்று என்று அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். "எங்கள் பூர்வீகம் பற்றிய விவரம் வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. அட்டை எண், குடும்பத் தலைவர் பெயர், வந்த ஆண்டு, தோட்டம் இவற்றைப் போட்டு, இன்ன ஆவணத்தின் நகல் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

தாத்தா டான்டீயில் வேலை பார்த்திருந்தால் அவருடைய பணிப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் வயதும் இருக்கும். 1969இல் பர்மா, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய ரெப்கோ வங்கியில் அவர் பங்கு வைத்திருந்தாரா என்றும் பாருங்கள். உறுப்பினராகச் சேரக் காட்டிய பேப்பரின் நகல் அங்கே கோப்பில் இருக்க வாய்ப்புண்டு.

இலங்கைப் பக்கம் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் நகலுக்குப் பிறந்த இடத்தின் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையதளம் மூலமும் விண்ணப்பிக்கலாம். தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (ஆட்களின் வேலைப் பதிவேடு) கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. கை மாறும்போதெல்லாம் பழைய புத்தகம்தான் முதலில் குப்பைக்குப் போகும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் உங்கள் பாடு கொஞ்சம் சுலபம். தோட்டத்துக்கு அருகில் இருந்த கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும், அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்.

ஊர்ப்பெயர் கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல்

"திருச்சி ஜில்லா, குளித்தலை தாலுகா" என்று பேப்பரில் இருந்தால் இன்றைய திருச்சியில் தேடாதீர்கள். குளித்தலை இப்போது கரூர் மாவட்டம். கரூரும் பெரம்பலூரும் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தன. சேலத்திலிருந்து தர்மபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்தன. ராசிபுரத்துக்காரர் பேப்பரில் சேலம் ஜில்லா என்றுதான் இருக்கும். மதுரையிலிருந்து திண்டுக்கல்லும், ராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் 1985இல் பிரிந்தன. வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை 1989இல். புதுக்கோட்டை தனிக்கதை. 1948 வரை அது சமஸ்தானம், அப்புறம் திருச்சியோடு சேர்ந்து, 1974இல் தனி மாவட்டமானது. அங்கே 'குளத்தூர் தாலுகா' என்று எழுதியிருந்தால் அதன் தலைநகர் கீரனூர். தமிழ்நாட்டில் வேறு எத்தனையோ குளத்தூர்கள் இருக்கின்றன.

இங்கிலீஷில் எழுதிய ஊர்ப்பெயரில் ட, த, ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புதுப்பட்டி, மேட்டுப்பட்டி, புதூர் மாதிரி பெயராக இருந்தால் தாலுகா தெரியாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள். இன்னொன்று, நம் ஆட்கள் சொல்வது அவர்கள் குடியிருந்த குக்கிராமத்தின் பெயர். அரசுக் கணக்கில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். அந்தத் தாலுகாவின் கிராம நிர்வாக அலுவலர் யாரையாவது கேட்டால் எது எதில் அடங்கும் என்று சொல்லிவிடுவார்.

பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று தேடிக் களைக்க வேண்டாம். தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாதவர்கள். நிலமில்லாதவர் பெயர் நில ஏட்டில் வராது. போகாமல் நின்ற அண்ணன் தம்பி பின்னால் வாங்கியிருந்தால் மட்டுமே அது உதவும். டி.என்.ஏ. பரிசோதனையும் கிராமத்தின் பெயரைச் சொல்லாது, காசை மிச்சம் பிடியுங்கள்.

குலதெய்வம் சொல்லும். கருப்பசாமி, முனியாண்டி, மாரியம்மன் என்றால் எங்கும் உண்டு, அதனால் அடைமொழியைக் கேளுங்கள். பெரியகாண்டியம்மன் என்றால் மணப்பாறை அருகே வீரப்பூரைப் பாருங்கள். பதினெட்டாம்படிக் கருப்பு என்றால் அழகர்கோயில் வட்டாரம். குடும்பத்தில் வழிவழியாக வரும் பெயர்களும் துப்புக் கொடுக்கும். அர்த்தநாரி என்ற பெயர் இருந்தால் திருச்செங்கோட்டுப் பக்கம், நாமகிரி என்றால் நாமக்கல், கொளஞ்சி என்றால் விருத்தாசலம். தோட்டத்தில் கோயில் எழுப்பும்போது ஊரிலிருந்து பிடிமண் கொண்டுபோன கதை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இதெல்லாம் திசை காட்டும், சாட்சி ஆகாது.

ஊருக்குப் போகும்போது

போனவுடன் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "சொத்துக்கு வரவில்லை" என்பதுதான். நூறு வருடம் கழித்து ஒருவர் வந்து பங்காளி என்று நின்றால் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. வாசலிலேயே பேச்சு முறிந்துபோகும் இடங்கள் உண்டு. பட்டா நகலைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கோயில் பூசாரி, தலைக்கட்டு வரி வசூலிப்பவர், தலையாரியாக இருந்தவர் குடும்பம். எந்தத் தெருவுக்கு, எந்தக் காலனிக்குப் போக வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டிவிடாதீர்கள். "கருப்பையா மகன் பெரியசாமி, சிலோனுக்குப் போனாரே, உங்க வீடுதானே?" என்று கேட்டால் மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். சிலோனுக்கு யாராவது போனார்களா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நீங்கள் சொல்லாத ஒரு பெயரை அவர்களாகச் சொல்ல வேண்டும். போனவரின் தங்கை பெயர், கூடப் போன மச்சான் பெயர், கங்காணியின் பெயர் என்று ஏதாவது ஒன்று. அது உங்கள் நோட்டில் இருக்கும் பெயரோடு பொருந்தினால் நம்பலாம். சாமியும் சாதியும் மட்டும் பொருந்தினால் இன்னும் கொஞ்சம் தேடுங்கள், அந்தத் தாலுகாவில் பத்து ஊர்களுக்கு அது பொருந்தும்.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். சாதாரண நாளில் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும், பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். பங்காளிகள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவது சாமி கும்பிடும் நாளில்தான். மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கம் பல குடும்பங்கள் மாசி மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடும். மற்ற இடங்களில் பங்குனியிலோ ஆடியிலோ இருக்கலாம். பூசாரியின் போன் நம்பரை முன்கூட்டியே வாங்கித் தேதியைக் கேட்டுக்கொண்டு, முதல் நாளே மேட்டுப்பாளையம் இறங்கிப் பஸ் பிடியுங்கள். வீட்டில் நடக்கக்கூடிய பெரியவர் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். அவர் முகத்தைப் பார்த்தே அங்கே யாராவது ஏதாவது சொல்லுவார்கள்.